ஒரு பெயரடையை எங்கே வைப்பது?

முதலாம் தவணைப் பரீட்சையில் பொது ஆங்கில வினாத்தாளில் இயற்கை அனர்த்தம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். வினாவைப் பார்த்ததும் எனக்குச் சந்தோசம். எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்துக் கடற்கரை ஊர். 2004 டிசம்பர் 26ஆம் திகதியைப் பற்றி வீட்டில் கேட்ட கதைகளை மட்டும் வைத்தே நான்கு பக்கம் எழுதலாம். எழுதினேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது ஒரே சொல்லில் இரண்டு சிவப்பு வட்டங்கள் இருந்தன.

அந்தச் சொல் ‘டிஸாஸ்ட்ரஸ்’. சுனாமிக்குப் பிறகு அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் ‘டிஸாஸ்ட்ரஸ் பீப்பிள்’ எல்லோருக்கும் தகரக் கொட்டில்கள் அமைத்துக் கொடுத்தன என்று எழுதியிருந்தேன். முதல் வட்டம் எழுத்துப் பிழைக்கு. இரண்டாவது வட்டம் ‘பீப்பிள்’ என்ற சொல்லையும் சேர்த்து வளைத்திருந்தது. அதன் பக்கத்தில் எங்கள் ஆங்கில டீச்சர் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “இந்த மக்கள் யாருக்கு என்ன நாசம் செய்தார்கள்?”

எனக்கு விளங்கவில்லை. இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போய்க் கேட்டேன். டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீ அனர்த்தத்தில அகப்பட்ட மக்கள் என்று சொல்ல வந்தாய். நீ எழுதினது அனர்த்தத்தைக் கொண்டு வாற மக்கள் என்று. இந்தச் சொல் எதுக்கு முன்னால நிக்குதோ, அதுதான் நாசம் செய்தது என்று அர்த்தம். அகப்பட்ட ஆக்களுக்கு ‘அஃபெக்டட்’ என்று போட வேணும்.”

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் நான் எழுதிய அந்த மக்கள் வேறு யாருமல்லர். என் மூத்தம்மாவும் உம்மாவும்தான். அந்தத் தகரக் கொட்டிலில் இருந்துதான் என் உம்மா 2005இல் உயர்தரப் பரீட்சை எழுதினார். அலையில் போனவர் உம்மாவின் தம்பி, எனக்கு மாமா முறை. அவர்களை நாசம் செய்தவர்கள் என்று நானே எழுதி, அடியில் என் சுட்டிலக்கத்தையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் விடவில்லை. நூலகத்து அகராதியில் தேடினேன், பழைய வினாத்தாள்களில் தேடினேன், கடைசியில் எங்கள் வீட்டுப் பேச்சிலும் தேடினேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது ஆங்கிலப் பாடக் குறிப்பு போலத் தொடங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், தோழிகளே.

முதலில் எழுத்து. ‘டேஞ்சர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மூன்று எழுத்தைச் சேர்த்தால் ‘டேஞ்சரஸ்’ வந்துவிடும். மூலச் சொல்லில் ஓர் எழுத்தும் குறையாது. அதே போலத்தான் ‘டிஸாஸ்டர்’ என்பதும் என்று நாங்கள் நினைக்கிறோம். அங்கேதான் பிழை வருகிறது. ‘டிஸாஸ்டர்’ பெயரடையாகும்போது அதன் கடைசியில் உள்ள ஆங்கில ‘ஈ’ எழுத்து விழுந்துவிடும். ‘மொன்ஸ்டர்’ என்பது ‘மொன்ஸ்ட்ரஸ்’ ஆவதும் இப்படித்தான். இந்த இரண்டையும் சோடியாக மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது. வாயால் சொல்லிப் பார்த்தாலும் பிடிபடும். ‘டிஸாஸ்டரஸ்’ என்று நான்கு துண்டாக இழுத்துச் சொன்னால் எழுத்தும் இழுபடும். ‘டி-ஸாஸ்-ட்ரஸ்’ என்று மூன்று துண்டாகச் சொன்னால் எழுத்தும் சரியாக விழும்.

இரண்டாவது, பெயர்ச்சொல்லுக்கும் பெயரடைக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் நாட்டில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது அனர்த்த முகாமைத்துவ நிலையம். அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘டிஸாஸ்டர்’ என்ற பெயர்ச்சொல். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘டிஸாஸ்ட்ரஸ்’ என்று போட்டுப் பாருங்கள். அனர்த்தத்தை முகாமை செய்யும் நிலையம், முகாமையே அனர்த்தமாகிப்போன நிலையமாக மாறிவிடும்! நிவாரணம், எச்சரிக்கை, பயிற்சி, காப்புறுதி ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர்ச்சொல்தான் வர வேண்டும். பெயரடையைப் போட்டால் நிவாரணமே நாசம் செய்தது என்று ஆகிவிடும். சில வேளைகளில் அதுவும் உண்மைதான் என்று எங்கள் வாப்பா சொல்வார். ஆனால் பரீட்சையில் நாங்கள் சொல்ல வருவது அதுவல்லவே.

மூன்றாவது, இந்தச் சொல் ஏற்கனவே பாரமானது. அதற்கு முன்னால் ‘வெரி’ போடுவது, நிரம்பிய குடத்துக்கு மேலே இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. மிகைப்படுத்தத்தான் வேண்டும் என்றால் ‘அப்ஸலூட்லி’ போடலாம். இன்னொரு வழியும் உண்டு. பின்னால் ‘ஃபோர்’ சேர்த்து, யாருக்கு என்று சொல்லலாம். அந்த வெள்ளம் விவசாயிகளுக்கு டிஸாஸ்ட்ரஸ், அந்த வரட்சி மீனவர்களைவிட மேய்ச்சற்காரர்களுக்கு டிஸாஸ்ட்ரஸ் என்பது போல. எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இதுதான். யாருக்கு என்று சொல்லாமல் விட்டால் அனர்த்தம் எல்லோருக்கும் ஒரே அளவாக நடந்தது போலத் தோன்றும். அப்படி ஒருபோதும் நடப்பதில்லை. ஒரே மழையில் மாடி வீட்டுக்காரருக்கு மின்சாரம் மட்டும் போகும், வடிகான் ஓரத்து வீட்டுக்காரருக்கு வீடே போகும்.

பாடக் குறிப்பு இத்தோடு முடிந்தது. இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

‘டிஸாஸ்டர்’ என்ற சொல்லுக்குள் ஒரு நட்சத்திரம் ஒளிந்திருக்கிறது. இத்தாலிய மொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லின் முன்பாதி கெட்டது என்ற கருத்தைத் தரும். பின்பாதி நட்சத்திரம். கெட்ட நட்சத்திரத்தின் கீழ் நடந்தது என்று அந்தக் காலத்து ஐரோப்பியர் வானத்தின்மேல் பழியைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் நாட்டில் அதற்கு வழங்கும் ‘அனர்த்தம்’ என்ற வடசொல்லை உடைத்தால் ‘அர்த்தம் இல்லாதது’ என்று வரும். எங்கள் வீடுகளில் புழங்கும் ‘முஸீபத்து’ அரபு மொழியிலிருந்து வந்தது. அதன் வேருக்குத் தாக்குதல், வந்து படுதல் என்று கருத்து. ஒரு மொழி நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறது, இன்னொன்று அர்த்தத்தைத் தேடியிருக்கிறது, மற்றது அடி வந்து பட்டதைச் சொல்கிறது. எனக்குத் தெரிந்த இந்த மூன்று சொற்களின் வேரிலும் அடிபட்ட மனிதன்மேல் குற்றம் இல்லை.

பிறகு எப்படி அந்தக் குற்றம் மனிதர்மேல் வந்து ஒட்டியது? நாங்கள்தான் ஒட்டினோம்.

என் மூத்தம்மாவுக்கு ‘முஸீபத்து’ இல்லாமல் ஒரு நாள் விடியாது. பால் சட்டியைத் தட்டிவிட்ட பூனை முஸீபத்து. நேரத்துக்கு வராத பஸ் முஸீபத்து. வட்டிலப்பம் இறுகாமல் போனால் அந்த முட்டைகள் முஸீபத்து. இதில் எனக்கு வழக்கு இல்லை. ஆங்கிலேயரும் அப்படித்தான் பேசுகிறார்கள். கேக் பொங்காவிட்டாலும் டிஸாஸ்டர், கிரிக்கெட்டில் தோற்றாலும் டிஸாஸ்டர். படுதோல்வி என்ற கருத்தையும் அகராதி அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கிறது. எங்கள் வகுப்பில் பொருளியல் வினாத்தாள் டிஸாஸ்டர் என்று சொல்லாதவர் யார்? பெரிய சொற்களைச் சின்ன விசயங்களுக்குப் பாவித்துச் சிரிப்பது மனிதருக்கு ஓர் ஆறுதல். பூனைக்கும் அதனால் மனம் நோவதில்லை.

மனிதரின் முன்னால் அந்தச் சொல்லை வைக்கும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். சுனாமி வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர்தான் அவருக்குக் கலியாணம் நடந்தது. அலையில் புருசன் மௌத்தாகிவிட்டார். மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. இத்தாவில் இருந்த அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் காதில் விழும்படி, “இவள் கால் வெச்ச நேரம்” என்று ஒருவர் சொன்னாராம். “முஸீபத்து புடிச்சவள்” என்று இன்னொருவர் சொன்னாராம். கடலுக்கு அடியில் சுமாத்திராப் பக்கம் பூமி வெடித்ததற்கும் எங்கள் ஊரில் ஒரு மணமகள் வலது காலை எடுத்து வைத்ததற்கும் என்ன தொடர்பு? பெயரடை ஒன்று தப்பான பெயர்ச்சொல்லின் முன்னால் போய் நின்றுவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்த மாமி இருபது வருசத்துக்கு மேலாகியும் கலியாண வீடுகளில் முன் வரிசையில் உட்காருவதில்லை. ஆங்கிலத்தில் நான் தெரியாமல் எழுதிய ‘டிஸாஸ்ட்ரஸ் பீப்பிள்’ என்பதைத் தமிழில் நாங்கள் தெரிந்தே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுதாக இருக்கிறதா என்றும் சொல்ல வேண்டும். இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. 600க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மலைநாட்டில் மண்சரிவுகள் ஊர்களையே மூடின. அந்தச் சூறாவளிக்கு வைத்த பெயர் யெமன் நாடு கொடுத்த பெயர். சொகோத்ரா தீவில் உள்ள ஓர் அழகான களப்பின் பெயர் அது. அந்தக் களப்பு எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. இருந்தும் இனி இலங்கையில் அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் தண்ணீரின் அழகு ஞாபகம் வரப்போவதில்லை.

தை மாதம் பாடசாலை தொடங்கியபோது எங்கள் வகுப்புக்கு ஒரு புதுப் பிள்ளை வந்தாள். மலைநாட்டில் அவர்களுடைய வீட்டின் பாதியை மண் மூடிவிட்டது. எங்கள் ஊரில் இருக்கும் சாச்சி வீட்டில் வந்து தங்கியிருந்தாள். நான் அப்போது மாணவத் தலைவிகளில் ஒருத்தி. கொப்பி, புத்தகப் பை, சப்பாத்து கொடுப்பதற்கான பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதிய பட்டியலைத் தலைப்பிலிருந்து வாசித்தேன். “அனர்த்த மாணவிகள்” என்று தலைப்புப் போட்டிருந்தேன். அதன் கீழே பெயர்கள் இருந்தன. நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் குரலை உயர்த்தியே வாசித்தேன்.

அவள் வந்து பொதியை வாங்கினாள். ஜஸாக்கல்லாஹு கைரன் என்று சொன்னாள். அடுத்த நாள் அந்தப் பையைக் கொண்டு வரவில்லை. பழைய, மண் கறை போகாத பையைத்தான் கொண்டு வந்தாள். அதற்குள் கீழ் வகுப்புச் சிறுமிகள் அவளைப் பார்த்து “வெள்ளத்து ராத்தா” என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. பெயர் தெரியவில்லை, ஒலிவாங்கியில் கேட்டது ஞாபகம் இருந்தது.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம், “பை குடுத்தும் பாவிக்கிறாள் இல்ல, ஏன் உம்மா?” என்று கேட்டேன். உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே சொன்னார்: “எனக்கும் ஒரு பை தந்தாங்க. நீலப் பை. முன்னுக்குப் பெரிசா ஒரு சின்னம். அதத் தூக்கிட்டு ரோட்டால போனா எல்லாருக்கும் தெரியும், சுனாமிப் புள்ள போகுதுண்டு. நான் சின்னத்த உள்பக்கம் வெச்சித் திருப்பித் தைச்சித்தான் கொண்டு போனன்.” கொஞ்ச நேரம் கழித்து, “பையில ஒண்டுமில்ல புள்ள. பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்” என்றார்.

அனர்த்தம் ஒரு நாளில் வந்து போய்விடுகிறது. அந்தப் பெயரடை போகாமல் நிற்கிறது. அனர்த்த மாணவி, சுனாமி வீடு, அகதிப் பிள்ளை, முகாம் ஆக்கள். இவற்றைக் கேட்டால், அந்த மனிதருக்கு அதற்கு முன்னர் வாழ்க்கை ஒன்றும் இருக்கவில்லை, அதற்குப் பின்னரும் இருக்காது என்பது போல இருக்கிறது. அந்தப் பிள்ளை பேச்சுப் போட்டியில் வலய மட்டத்தில் வென்றவள் என்பது எங்களுக்குத் தெரிய ஒன்றரை மாதம் எடுத்தது. நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று எங்கள் பெயரடை சொல்லிவிட்டது.

அப்படியென்றால் அந்தச் சொல்லை எங்கே வைப்பது? எங்கிருந்து நாசம் வந்ததோ அங்கே. இது சொல்வதற்கு இலகு. செய்வதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தபோது எங்கள் நாட்டு நேரம் காலை ஏழு மணியாகச் சில நிமிடங்கள் இருந்தன. அலை கிழக்குக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் மூத்தம்மா இடியப்பம் அவித்திருக்கிறார். மாமா கடற்கரையில் பந்து விளையாடப் போயிருக்கிறார். பசுபிக் சமுத்திரத்துக்கு அப்போதே சுனாமி எச்சரிக்கை முறைமை இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இருக்கவில்லை. இலங்கையில் 30,000க்கும் அதிகமானவர்கள் மௌத்தானார்கள். அவர்களில் 10,000க்கும் அதிகமானவர்கள் எங்கள் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அலையை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் இரண்டு மணித்தியாலம் என்பது எங்கள் ஊரில் கடற்கரையிலிருந்து வயல்வெளிக்கு நடந்து போய்த் திரும்பி வந்து, மறுபடியும் போகப் போதுமான நேரம். இப்போது யாராவது என்னிடம் கேட்டால், அலைக்கு முன்னால் ஒருமுறையும் அந்த மௌனத்துக்கு முன்னால் ஒருமுறையும் ‘டிஸாஸ்ட்ரஸ்’ என்று எழுதுவேன்.

அலை ஒரு நாளில் வடிந்தது. அதற்குப் பிறகும் இந்தச் சொல்லுக்கு வேலை இருந்தது. எங்கள் மாவட்டத்தின் நுரைச்சோலையில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை யாருக்கு எப்படிப் பகிர்வது என்பது வழக்காகி, கட்டிய வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. தாமதம் என்ற சொல்லுக்கு முன்னாலும் அந்தப் பெயரடையை வைக்கலாம் என்பதை நான் அகராதியில் படிப்பதற்கு முன்னரே இதில் படித்திருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே மலை டிஸாஸ்ட்ரஸா, தெரிந்த பிறகும் மக்களை அதன் அடியிலேயே இருக்க விட்டது டிஸாஸ்ட்ரஸா?

எங்கள் வினாத்தாளில் இருந்த ‘இயற்கை’ என்ற பெயரடையும் கேள்விக்குரியதுதான். அனர்த்த அபாயக் குறைப்புக்கான ஐக்கிய நாடுகள் அலுவலகம் ‘இயற்கை அனர்த்தம்’ என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டு வருகிறது. சூறாவளி இயற்கை, நிலநடுக்கம் இயற்கை, மழையும் இயற்கை. அவை ஆளில்லாத தீவில் நடந்தால் அனர்த்தம் இல்லை. பாதுகாப்பில்லாத வீட்டில், எச்சரிக்கை போகாத ஊரில், போக்கிடம் இல்லாத மனிதர்மேல் விழும்போதுதான் அனர்த்தமாகிறது. மழை மட்டும் வானத்திலிருந்து வருகிறது. எங்கள் தெரு வடிகானில் அடைத்துக் கிடக்கும் சொப்பிங் பைகள் வானத்திலிருந்து வரவில்லை.

இந்த இடத்தில் சிலர் முகம் சுளிக்கலாம். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், அதில் யார் செய்தது என்று தேடுவது சரியா என்று என் மூத்தம்மாவே கேட்டார். நான் அவரோடு வாதாடவில்லை. ஆனால் 2012 ஏப்ரலில் சுனாமி எச்சரிக்கை வந்த அன்று, நான்கு வயதாகாத என்னைத் தூக்கிக்கொண்டு முதலாவதாக வயல் பக்கம் ஓடியவர் அவர்தான் என்று உம்மா சொல்லியிருக்கிறார். அன்று அலை வரவில்லை. அவர் கத்ரை நம்பாதவர் என்று யாரும் சொல்லவும் இல்லை. நம்புகிற நாங்கள்தான் பாதையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கிறோம். நடந்ததைப் பொருந்திக்கொள்வது வேறு. அடுத்த முறை நடக்காமலிருக்க எங்கே பிழை என்று பார்ப்பது வேறு. இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம்.

இன்னொருவர், வீடு போனவனுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்கலாம். அவனுக்குத் தேவையில்லைதான். இலக்கணம் எங்களுக்குத் தேவை. பட்டியல் எழுதுகிறவர்கள் நாங்கள், ஒலிவாங்கி பிடிக்கிறவர்கள் நாங்கள், செய்தி வாசித்துவிட்டுப் பகிர்கிறவர்கள் நாங்கள். நாளைக்கு எங்களில் சிலர் கிராம உத்தியோகத்தராகவும் ஆசிரியையாகவும் ஊடகவியலாளராகவும் இருப்போம். அப்போது எங்கள் பேனை எந்தச் சொல்லை யார் முன்னால் வைக்கிறதோ, அதைத்தான் ஊர் நம்பும்.

ஆகவே என் சின்ன யோசனை இது. ‘டிஸாஸ்ட்ரஸ்’ என்றோ ‘அனர்த்த’ என்றோ ‘முஸீபத்து’ என்றோ எழுதப் போகும்போது, அடுத்து வரும் சொல் ஒரு மனிதரா என்று ஒருமுறை பாருங்கள். மனிதரென்றால் பேனையை எடுத்துவிடுங்கள். அவருக்குப் பெயர் இருக்கும், அதைக் கேட்டு எழுதுங்கள். அடுத்து வருவது ஒரு முடிவா, ஒரு தாமதமா, ஓர் அலட்சியமா என்று பாருங்கள். அப்படியென்றால் தயங்காமல் எழுதுங்கள். அந்தச் சொல் அதற்காகத்தான் இருக்கிறது.

நான் அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதி டீச்சரிடம் மறுபடியும் கொடுத்தேன். புள்ளி கூடாது என்று தெரியும். ‘டிஸாஸ்ட்ரஸ் பீப்பிள்’ இருந்த இடத்தில் மூன்று பெயர்களை எழுதினேன்: என் மூத்தம்மாவின் பெயர், உம்மாவின் பெயர், மாமாவின் பெயர். டீச்சர் வாசித்துவிட்டு, “சரி” என்று மட்டும் சொன்னார்.

பட்டியலையும் திருத்தினேன். இப்போது அதற்குத் தலைப்பு இல்லை. வகுப்பும் பெயரும் மட்டும் இருக்கின்றன. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க வேணுமெண்டு சொல்லல்ல தானே” என்றாள். பெருநாள் விடுமுறைக்குப் பிறகு ஒரு நாள் அவள் புதுப் பையோடு வந்தாள். நாங்கள் கொடுத்த பைதான். அதன் முன்பக்கத்தில் கறுப்புப் பேனையால், பெரிய எழுத்தில், தன் பெயரை எழுதியிருந்தாள்.

உயர்தரம், கலைப் பிரிவு